கிழக்கு ஸ்டாண்டில் எடுத்த ஒரு முகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை எடுத்தது நான்தான், ஆனால் கொடுத்தது நானில்லை. இது எங்கள் மேடான் நகரத்தில் ஐயாயிரம் பேருக்குப் புரியாவிட்டால் போகட்டும், ஒரே ஒருவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என் பெயர் யுஸ்னீத்தா. பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. கால்பந்தாட்டம் இருக்கிற நாளில் மட்டும் கையில் கேமரா. மைதானத்து ஓரத்தில் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்தப் பத்திரிகைக்காரர்களில் நான் ஒருத்தி இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு கிழக்கு ஸ்டாண்டில் பதினாலாவது வரிசை, இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, கம்பிவலை வழியாக எடுப்பேன். கோல், கண்ணீர், கொடி, மழை எல்லாம் அங்கிருந்துதான்.

பெரிய லென்ஸை வாசலில் விடமாட்டார்கள். அதனால் என் கணவர் ருஸ்லி அதைச் சோற்றுத் தூக்கின் அடியில் வைத்து, மேலே வாழையிலையில் சுற்றிய லொந்தோங் சோற்றுக்கட்டிகளை அடுக்கிவிடுவார். காவலாளி திறந்து பார்த்து, "என்னக்கா, இன்னிக்கும் இதுதானா? கோழி கீழி பண்ணக்கூடாதா?" என்பான். ஒருமுறை லென்ஸில் ரெண்டாங் குழம்பு கொட்டி, இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சிவப்பு நெருப்பு கக்கும் ஃப்ளேர் எரியும்போது யார் முகமும் படத்தில் இருக்கக் கூடாது. முகம் தெரிந்தால் போலீஸ், அபராதம், தடை. ஆனால் அந்த அமளியில் முகம் பார்த்தா பட்டனை அமுக்க முடியும்? அதனால் ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குப் பின்னாலுள்ள டீக்கடையில் உட்கார்ந்து மெமரி கார்டை பாங் ஃபட்லானிடம் கொடுத்துவிடுவேன். பாங் என்றால் எங்களுக்கு அண்ணன். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி மேடையில் நின்று, ஒலிபெருக்கியில் எங்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவர் அவர். கார்டைத் தன் லேப்டாப்பில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "இது இருக்கட்டும், இது வேணாம்" என்று அவர் கையாலேயே அழிப்பார். மிச்சத்தைத்தான் நான் இணையத்தில் போடுவேன். ஒன்பது வருஷம் இப்படி. கேமராவிலேயே பார்த்து அழிக்கலாமே, எதற்கு உங்கள் லேப்டாப் என்று ஒருநாள் கேட்டேனா? கேட்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பக்கத்து மாகாணத்து அணியோடு ஆடிய அன்று, எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் கோல். பாங் கிந்தோ என்று எங்கள் முரசுக்காரர் ஒருவர், சந்தையில் மீன் விற்பவர், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஃப்ளேரைத் தொட்டே பார்க்காத மனுஷன் அன்றைக்கு முரசை விட்டுவிட்டு ஒன்றைக் கொளுத்திக்கொண்டு குதித்தார். நான் அமுக்கினேன். வாயெல்லாம் பல், கன்னமெல்லாம் சிவப்பு, பின்னால் புகை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், இப்போதும் சொல்வேன்.

டீக்கடையில் பாங் ஃபட்லான் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ் கிந்தோ, இத உன் பொண்டாட்டி பாத்தா உன்ன மறுபடியும் கட்டிக்குவா!" என்றார். அப்புறம் என்னிடம், "அழிச்சிடலாம் நீத்தா. மூஞ்சி பளிச்சுனு தெரியுது" என்றார். என் கண்ணெதிரே அழித்தார். ருஸ்லி என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வாழைப்பழ பஜ்ஜியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து கிளப் அலுவலகத்தில் பாங் கிந்தோவைக் கூப்பிட்டு, மேஜைமேல் அதே படத்தை வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். ஃப்ளேர் கொளுத்தியவன் பெயர் கிடைக்காவிட்டால் கிழக்கு ஸ்டாண்டையே சீசன் முழுக்க மூடுவதாக மிரட்டியிருந்தார்களாம். ஸ்டாண்ட் மூடப்படவில்லை.

அடுத்த ஆட்டத்துக்குப் போனேன். பதினாலாவது வரிசைக்கு நான் ஏறியதும் முன்னால் இரண்டு வரிசை அப்படியே திரும்பி எனக்கு முதுகைக் காட்டியது. "எல்லாரும் நல்லா சிரிங்கப்பா, காட்டிக்கொடுக்கறவ வந்துட்டா. படம் ஆபீசுக்குப் போவுதாம்" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

மறுநாள் பாங் ஃபட்லானின் பைக் பட்டறைக்குப் போய் நேராகக் கேட்டேன். "அந்தப் படம் எப்படிப் போச்சு?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கை எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அழிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தயும் ஒரு காப்பி வச்சிருப்பேன், நீத்தா. எப்பவும்" என்றார்.

"எப்பவுமா? ஒன்பது வருஷமுமா?"

"ஸ்டாண்ட காப்பாத்தணும்ல? ஐயாயிரம் பேருக்கு ஒருத்தன். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"நானா இருந்தா, குடுத்தது நான்தான்னு என் பேர சொல்லியிருப்பேன். பழிய ஏன் என் தலைல போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. என் பேரு வந்துச்சுன்னா பாட்டே நின்னுடும். உனக்கென்ன, நாலு நாள் திட்டுவாங்க, மறந்துடுவாங்க."

"தூ" என்றுவிட்டு வந்தேன். எச்சில் வரவில்லை, வாய் வறண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ருஸ்லியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஊர் என்ன நினைத்தாலும் சரி, பாங் கிந்தோ என்னைப் பற்றி அப்படி நினைக்கக் கூடாது. ஏழெட்டு வருஷம் எனக்காக முரசைத் தள்ளி வைத்து இடம் கொடுத்த மனுஷன். "ஞாயித்துக்கிழமை ஸ்டாண்ட் ஆளுங்க கூட்டம் இருக்கு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. கார்ட யார் கைல குடுத்தேன், யாரு அழிச்சா, அத மட்டும் சொல்லுங்க, போதும்."

"இத நீ சொல்லணுமா? நான் பாத்துக்கறேன்" என்றார் ருஸ்லி. என் தலையைத் தடவிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் ஒரு வாரத்தில் முதல்முறையாகத் தூங்கினேன்.

கூட்டம் ஞாயிறு காலை, கார் கழுவும் ஷெட்டில் நடந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். பாங் கிந்தோ மீன் வாடையோடு சந்தையிலிருந்து நேராக வந்து, ஓரத்தில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். பாங் ஃபட்லான் நடுவில் நின்றார். ருஸ்லி எழுந்தார். இதோ, இதோ சொல்லப்போகிறார்.

"எல்லாருக்கும் வணக்கம். நீத்தா என் பொண்டாட்டி. பொம்பள, வெவரம் பத்தாது. ஆபீஸ்ல மெரட்டுனதுல பயந்துபோய்க் குடுத்துட்டா. அவ சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். எங்கள ஒதுக்கிடாதீங்க."

ஒரு நிமிடம் எனக்கு எதுவுமே புரியவில்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார் என்றே நினைத்தேன். கை தட்டினார்கள், ஐயா, கை தட்டினார்கள்! "ஆம்பளடா!" என்று யாரோ கத்தினான். பாங் ஃபட்லான் வந்து ருஸ்லியைக் கட்டிப்பிடித்தார். "இதோட விட்டுடுவோம். மன்னிச்சாச்சு. கிந்தோ எடத்துல இனிமே ருஸ்லி முரசு அடிப்பான்" என்றார். ருஸ்லி என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதுதான் தெரிந்தது, இது அங்கே நின்று யோசித்துச் சொன்ன பேச்சு இல்லை, இருவரும் முன்னமே பேசிவைத்தது.

"பொய்!" என்று கத்தினேன். "கார்டு அவர்கிட்டதான் இருந்துச்சு! அவருதான் காப்பி எடுத்தாரு, அவரே என்கிட்ட ஒத்துக்கிட்டாரு!"

யாரும் கோபப்படவில்லை. பாவம், அழுகிறாள் என்பதுபோலப் பார்த்தார்கள். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பாங் கிந்தோ வாளியிலிருந்து மெல்ல எழுந்து என்னிடம் வந்தார். ஈரமான கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். "விடு தங்கச்சி. எனக்கு உன்மேல கோவமில்ல. பயத்துல செஞ்சிட்ட."

"பாங், சத்தியமா நான் குடுக்கல. என்ன நம்புங்க."

அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

"நீ குடுக்கலன்னா, உன் புருஷன் எதுக்கும்மா நீ குடுத்ததா சொல்லணும்?"