எனக்காகக் காலியான வீடு

பேருந்தில் எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். முதலில் ஒரு கனைப்பு, கொஞ்சம் இடைவெளி, பிறகு அடுக்கடுக்காக இருமல், கடைசியில் "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு. வெங்காயப் பையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் அப்படியே திரும்பிவிட்டேன். அந்த ஆளை வாழ்நாளில் பார்த்ததில்லை. நரைத்த கிருதா, தொளதொளவென்று ஒரு நீலச் சட்டை, கழுத்தில் சரக்கு வண்டிக் கம்பெனியின் அட்டை. ஆனால் அந்த இருமலை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும்.

"நீங்க டிரைவர் அண்ணன்தானே?" என்றேன்.

பேருந்தே திரும்பிப் பார்த்தது. இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னால் நான் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அறிவித்துக்கொண்டிருந்தவள். மெல்லப் பேசு என்றால் என் தொண்டைக்குப் புரியாது. அவர் பதறிப்போய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இல்லைங்களே, நான் வேற ஆளு," என்றார். சுத்தமான தமிழில்.

"வேற ஆளா? 'தங்கச்சி சாப்டாச்சா'ன்னு தினம் போன்ல கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?"

மாட்டிக்கொண்டதும் தலையைச் சொறிந்தார். "உங்களுக்கு இங்க தங்குறதுக்கு நிரந்தர அட்டை வர்ற வரைக்கும் உங்க வீட்டுப் பக்கம் தலை காட்ட வேணாம்னு பேசி வெச்சிருக்கோம் தங்கச்சி. நீங்க என்னைப் பாக்கவே இல்ல. சரியா?" என்று சொல்லி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அது அவர் இறங்க வேண்டிய இடமில்லை. மழையில் ஓரமாக நின்று அடுத்த பேருந்துக்காக எட்டிப் பார்த்ததிலேயே அது தெரிந்தது.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் முக்கால்வாசி போனில்தான் நடந்தது. இவர் இங்கே வெல்டர். கூட மூன்று பேர் ஒரே வீட்டில். அவர்களின் முகம் எனக்குத் தெரியாது, சத்தம் தெரியும். இவர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து இருமுகிறவர் டிரைவர் அண்ணன். குளிக்கும்போது ஊரைக் கூட்டிப் பாடுகிறவருக்குப் பாகவதர் என்று பேர். இரவு வேலை முடிந்து வந்து பகலில் படுத்துக்கொண்டு "லைட்ட அணைங்கடா" என்று கத்துகிறவர் லைட்டு. நாங்கள் சண்டை போட்டால் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டு பஞ்சாயத்து பண்ணுவார். தீர்ப்பு எப்போதும் எனக்குச் சாதகமாகத்தான் வரும்.

லைட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று இவர் வேலையில் இருந்தார். அங்கே போன் கொண்டுபோக முடியாது. வீட்டில் வைத்துவிட்டுப் போன போனை லைட்டுதான் எடுத்தார். எனக்கு அழுகைதான் வந்தது. "நான் வெக்க மாட்டேங்க, லைன்லயே இருக்கேன்," என்று மட்டும் சொன்னார். அத்தனை தூக்கத்தையும் விட்டுவிட்டு இவர் வரும் வரைக்கும் அந்த மனுஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

நான் வந்து இறங்கிய அன்று வீடு அமைதியாக இருந்தது. புதுப் பெயின்ட் வாசனை. படுக்கை அறை, கூடம், ஒரு குட்டி பால்கனி. எங்கே அவர்கள் எல்லாம் என்று கேட்டேன். "வேற எடம் பாத்துக்கிட்டாங்க," என்றார் இவர். நானும் மண்டு மாதிரி நம்பிவிட்டேன். இவ்வளவு விசாலமான வீடு நமக்கு மட்டுமா என்று குதித்தேன்.

அன்று பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் வெங்காயத்தை மேஜையில் வைத்துவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"குடும்பத்தைக் கூப்பிடணும்னா வீட்டுல வேற யாரும் தங்கக் கூடாது. தலைக்கு இவ்வளவு எடம்னு கணக்கு இருக்கு. தனியா வீடு எடுக்க எனக்கு வசதி பத்தாது. சரி, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னுதான் நான் சொன்னேன். அண்ணன் கேக்கல. 'எந்திரிங்கடா, தங்கச்சி வரணும்'னு பெட்டியக் கட்ட ஆரம்பிச்சிட்டாரு. பெயின்ட் கூட அவங்க அடிச்சதுதான்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"அண்ணன் குடோனுக்குப் பின்னாடி ஒரு ரூம்ல. மத்த ரெண்டு பேரும் ஊருக்கு வெளிய. ஒரு கூட்டத்தோட."

நான் குதித்தது நினைவுக்கு வந்தது. வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் போனது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள் என்றேன். இவருக்கு முகம் மாறிவிட்டது.

"மொத வருஷம் குடியேற்ற ஆபீஸ்லேர்ந்து எப்ப வேணாலும் வந்து பாப்பாங்கம்மா. இத்தனை ஆம்பளைங்க இருந்தா லாட்ஜுன்னு எழுதிருவாங்க. உன்னைத் திருப்பி அனுப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் இவர் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அதை விட்டுவிட்டு மறுபடி போனுக்குப் போக என்னால் முடியாது. ஆனால் எனக்காக வீட்டை விட்டவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு போடப் பயந்தால், இந்த வீட்டில் எப்படி நிம்மதியாகப் படுப்பது? சாப்பிட வருகிறவர்கள் தங்க வருகிறவர்கள் இல்லையே என்று வாரம் முழுக்க வாதாடினேன். பஞ்சாயத்து பண்ண அண்ணன் இல்லாமலே நானே ஜெயித்தேன்.

மூன்று பேரும் திருடர்கள் மாதிரி தனித்தனியாக வந்தார்கள். பாகவதர் நான் நினைத்ததுபோல் குண்டாக இல்லை, ஒல்லியாக, கூச்ச சுபாவத்தோடு இருந்தார். லைட்டு என்னைப் பார்த்ததும் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கூடத்தில் தரையில் தாளை விரித்து உட்கார வைத்தேன். குழம்பை ஊற்றிய கையோடு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். கூடம் முழுக்கச் சாப்பிடுகிற சத்தம் மட்டும். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல பாட்டு கிடையாது.

அப்போது அழைப்பு மணி அடித்தது. இவர் கதவுத் துளையில் பார்த்துவிட்டு வெளிறிப்போய்த் திரும்பினார். கண் இமைப்பதற்குள் பாகவதர் சோற்றுக் கையோடு பால்கனிக் கதவைப் பிடித்துவிட்டார். லைட்டு பாதி உடம்பைக் குளியலறைக்குள் நுழைத்துவிட்டார். வீட்டு ஓனர் வரும்போதெல்லாம் ஒளிந்து ஒளிந்து பழகிய கால்கள் அவை. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"எங்க ஓடுறீங்க? பாதிச் சாப்பாட்டுல யாரும் எந்திரிக்கக் கூடாது. உக்காருங்க!"

பஸ் நிலையக் குரல். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

வந்தவர் ஓர் அதிகாரியம்மா. மழைக் கோட்டு, கையில் கோப்பு. படுக்கை அறைக்குப் போனார், அலமாரியைத் திறந்தார், குளியலறையில் இருந்த இரண்டு பல் துலக்கிகளைப் பார்த்தார். பிறகு கூடத்துக்கு வந்து தரையில் இருந்தவர்களின் முன்னால் நின்றார். இவர்கள் யார், இங்கே தங்குகிறார்களா என்று கேட்டார். அந்த அளவுக்கு இந்த ஊர் மொழி எனக்கு வகுப்பில் வந்திருந்தது.

கூட வேலை செய்கிறவர்கள், சும்மா வந்தார்கள் என்று இவர் தொடங்கினார். அதோடு விட்டிருக்கலாம், அது போதும். ஆனால் அவர்களை யாரோ எவரோ என்று என் வீட்டிலேயே சொல்லக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. தெரிந்த சொற்களைத் தேடித் தேடிக் கோத்தேன். இப்போது தங்கவில்லை. முன்னால் தங்கினார்கள். நான் வருவதற்காகப் போனார்கள். இவர்கள் என் அண்ணன்கள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் அண்ணன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அதிகாரியம்மா மூவரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து எழுதினார், நான் சொன்னதைவிட அதிகமாகவே எழுதினார். கிளம்பும்போது சமையலறை ஜன்னலைக் காட்டி ஏதோ சொன்னார். கதவைச் சாத்தியதும் இவரிடம் கேட்டேன்.

"என்னங்க சொல்லிச்சு?"

"முடிவு தபால்ல வருமாம். சமைக்கும்போது அந்த ஜன்னலைத் தொறந்து வெக்கணுமாம், இல்லேன்னா சுவத்துல பூஞ்சை பிடிக்குமாம்." இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ன எழுதிச்சுன்னே தெரியலையே."

இதுவரை வாயே திறக்காத லைட்டு நிமிர்ந்து பார்த்தார். "சுவரு கெட்டுப்போகும்னு கவலைப்படுதுன்னா, நீங்க இங்க இன்னும் சமைக்கப் போறீங்கன்னுதானே அர்த்தம்?"

முதலில் பாகவதர் சிரித்தார். பிறகு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. இவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் எல்லோருக்கும் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன், வேண்டாம் என்று சொன்னவருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவக் கூடாது என்று சொன்னேன், கேட்கவில்லை. இத்தனை மாதமாக நான் மல்லுக்கட்டும் குழாயை அண்ணன் கொஞ்சம் மேலே தூக்கித் திருகினார், தண்ணீர் ஒழுங்காக வந்தது. "ரொம்ப நன்றிண்ணே," என்றேன். எதற்கென்று அவருக்குத் தெரியும். "சோத்தையும் போட்டுட்டு நீங்க எதுக்குத் தங்கச்சி நன்றி சொல்றீங்க?" என்று குழாயைப் பார்த்தே சொன்னார்.

வந்த மாதிரியே தனித்தனியாகக் கிளம்பினார்கள். அண்ணன் கடைசி. "வரேன் தங்கச்சி" என்று வெளியே போய்க் கதவை அவரே இழுத்துச் சாத்தினார். படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. நான் கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவர் ஒரு கையால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு, பழைய பழக்கத்தில் வீட்டைப் பூட்டச் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார்.