மேல் எண், கீழ் எண்

1

இந்தக் கதை ஒரு நாற்பது பக்க நோட்டில் பிறந்தது. காலையும் மாலையும் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதச் சொல்லி டாக்டரம்மா கொடுத்த நோட்டு. தேதி, மேல் எண், கீழ் எண், குறிப்பு என்று நான்கு கட்டங்கள். அதில் நான் எழுதியதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்து வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேராகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'லிஃப்ட் பழுதுபார்க்கும் அவருக்கு அறுபத்திரண்டு வயது. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு...'

அடித்துவிட்டேன். லிஃப்ட்காரர் மீட்டரை நம்பிப் பிழைப்பவர், பொய் எண் எழுதமாட்டார். இதற்குப் பொய் எழுதியே பழகிய கை வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: 'ஓர் எழுத்தாளர் இருந்தார். அவர்...'

என்ன பெரிய அவர். நான்தான்.

3

ஐந்து மாதத்துக்கு முன், முதல் நாள் மாலை, 168/102. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் இன்னும் கூடுதல். பட்டை கையை இறுக்கும்போதே எனக்கு நெஞ்சு படபடக்கும், அந்தப் படபடப்பு எண்ணை ஏற்றும், ஏறிய எண்ணைப் பார்த்துப் படபடப்பு கூடும். மூன்றாம் நாள் அவள் வருவதற்குள் 134/86 என்று எழுதிவைத்தேன். பார்த்துவிட்டு, "அப்பாடா" என்றாள். உண்மையிலேயே எனக்கும் உடம்பு லேசானது. அதற்குப் பிறகு நான் அளக்கவே இல்லை.*

(* கருவியை எடுத்து மேசையில் வைப்பேன், கொஞ்ச நேரம் கழித்து உறைக்குள் போடுவேன். எண்கள் பூஜ்யத்தில் முடியாமல் பார்த்துக்கொண்டேன். வாரம் ஒரு தடவை 146. குறிப்பில், 'மாடி ஏறி வந்ததும் அளந்தது'. அந்த 146 இல்லையென்றால் யார் நம்புவார்கள்?)

மருத்துவமனையில் அளந்தபோது ஏறித்தான் இருந்தது. டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "இங்க வந்தா பயத்துல சில பேருக்கு ஏறும் சார். வீட்டுல எடுக்கறதுதான் எனக்கு முக்கியம். அழகா கட்டுக்குள்ள வச்சிருக்கீங்க." மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். என் எழுத்துக்குக் கிடைத்த மிக நல்ல மதிப்புரை அது.

நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி போக வேண்டும். மீதிப் பாதியையும் நிறுத்திவிடலாமா என்று பார்ப்பாராம். பத்து நாளாகக் காலையில் பிடரி கனக்கிறது. இடது கண்ணின் ஓரத்தில் ஏதோ மங்கல். எனக்குப் பயமாக இருக்கிறது.

4

முடிவுகள்:

(அ) நாளை டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். (அவ்வளவு யோக்கியனாக இருந்தால் இந்தக் கதையே கிடையாது.)

(ஆ) நோட்டு தொலைந்துபோகிறது. (இந்த உத்தியை ஏற்கெனவே மூன்று கதையில் ஓட்டிவிட்டேன்.)

(இ) கதாநாயகன் தனியாக உட்கார்ந்து, துணிந்து, கருவியை எடுத்து...

இந்த இடத்தில் என் மனைவி அறைக்குள் வந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை இறக்கினாள். அதிலிருந்த பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது உங்க பிரஷர் மிஷினுக்குள்ள இருந்தது. கடிகாரம் நின்னுச்சுன்னு எடுத்துப் போட்டேன்."

"எப்போ?"

"பத்தொம்பது நாளாச்சு."

பத்தொன்பது நாள், வேளைக்கு ஒன்றாக முப்பத்தெட்டு எண்கள். நான் நோட்டை மூடினேன், அதற்கு மேல் மூட ஒன்றும் இல்லை.

"அன்னிக்குச் சாயங்காலமே பேட்டரி எங்கன்னு கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க 132ன்னு எழுதி வச்சிருந்தீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இன்னிக்குக் காலைல கண்ணாடிய அஞ்சாறு தடவ தொடச்சீங்க. அழுக்கு கண்ணாடில இல்லன்னு எனக்குத் தெரியாதா?" நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "நீங்க எழுதுன கதை எத்தனையோ படிச்சிருக்கேன். இந்த ஒண்ணைத்தான் அப்படியே நம்பினேன். நம்பி, சாப்பாட்டுல உப்பக்கூட ஏத்திட்டேன்."

அவள் குரல் உடைந்தது. மன்னித்துவிடு என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

5

இடது கையில் பட்டை சுற்றியிருக்கிறது. இதை வலது கையால் எழுதுகிறேன். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். கடிகாரம் மேசைமேல் நாலு பத்தில் நின்றுகிடக்கிறது. எதிரில் அவள் உதடு அசையாமல் விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடித்துக்கொள்ளட்டும்.

முடிவுக்கான கட்டத்தை விட்டுவைத்திருக்கிறேன்:

மேல் எண் ______ கீழ் எண் ______

என்மேல் இரக்கப்பட்டு நல்ல எண்ணாகப் போட உங்கள் கை துறுதுறுக்கும். தயவுசெய்து போடாதீர்கள். நானும் இரக்கத்தில்தான் ஆரம்பித்தேன்.

"எழுதிட்டே இருந்தா சரியா காட்டாது. பேனாவக் குடுங்க. இனிமே நம்பர நான் எழுதிக்கறேன்."

கொடுக்கிறே