தளம் போடாத மண்டபம்

போளூரில் நெல் மண்டி வைத்திருந்த ராஜாக்கண்ணு, செத்துப்போன தன் அப்பா பெயர் அடிவாரம் வரைக்கும் தெரிய வேண்டும் என்று எங்கள் மலை உச்சியில் மண்டபம் கட்ட வந்தார். அது எழுபத்தெட்டாம் வருஷம். காகிதத்தில் அவர் வாங்கியது தரிசுப் பாறை. எங்களுக்கு அது சாமை அடிக்கிற களம். சாமை பொடித் தானியம். மண் தரையில் அடித்தால் கல்லைப் பிரிக்கவே முடியாது. பக்கத்தில் வேறு பாறையும் கிடையாது.

சித்திரையில் எட்டுத் தூண் எழும்பியது. தண்ணீர் சுமந்ததே நாங்கள்தான். தூணுக்கு நடுவே காற்று வந்துகொண்டிருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கார்த்திகையில் அறுப்பு முடிகிற சமயம், சுற்றுச் சுவரும் மேலே தளமும் போடப்போவதாக மேஸ்திரி சின்னதம்பி சொன்னார். தளத்துக்கு முட்டுக் கொடுக்கிற பலகைகளும் வந்து இறங்கின. சுவர் வந்தால் காற்று நின்றுவிடும். காற்று இல்லாமல் எதைத் தூற்றுவது?

போளூருக்குப் போய் மனுக் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். என் நாத்தனார் பாஞ்சாலை மாட்டை அவிழ்த்தாள்.

"மனுவு அப்பறம் குடுக்கலாம். இன்னிக்கி போரடிக்கலாம், வாங்க."

தூண்களுக்கு நடுவே கதிரைப் பரப்பி மாடுகளைச் சுற்றவிட்டோம். மத்தியானம் தூற்றிக்கொண்டிருந்தபோது ராஜாக்கண்ணு ஏறி வந்தார். பறந்த பதரெல்லாம் அவர் வெள்ளை வேட்டியில் போய் ஒட்டியது.

"இன்னா பாஞ்சால, என் மண்டபத்துல மாட்ட ஓட்டிக்கினு இருக்கற?"

"செருப்ப அங்கியே வுட்டுட்டு வாங்க. நெல்லு வெளையற வூட்டுல பொறந்தவரு, களத்துல செருப்போட நிப்பீங்களா?"

அவர் கீழே பார்த்தார். சாமை குவிந்து கிடந்தது. செருப்பைக் கழற்றினார்.

பாஞ்சாலை முதல் முறத்தை நிரப்பி அவரிடம் நீட்டினாள். மலையிலும் சரி, அடிவாரத்திலும் சரி, களத்தில் நீட்டுகிற தானியத்தை வேண்டாம் என்று சொல்ல எந்த விவசாயிக்கும் வாய் வராது. வாங்கிக்கொண்டவர் அந்தக் களத்துக்குக் கெடுதல் செய்யவும் கூடாது. இரண்டும் அவருக்குத் தெரியும். கை நீளவில்லை.

"எங்கப்பாவுக்காவக் கட்றது பாஞ்சால. பாதியில வுட்டா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுங்க. உங்கப்பா இங்க நின்னிருந்தா இத வேணான்னு சொல்வாரா?"

அவள் முறத்தை இறக்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்துப் பிடித்தார். பாஞ்சாலை ஒரு மணி சிந்தாமல் கொட்டினாள்.

ஓரமாக நின்றிருந்த சின்னதம்பி, நாளைக்கு எத்தனை ஆள் வரச்சொல்வது என்று கேட்டார்.

"ஆளு வேணாம். பலகையக் கீழ எறக்கிடு."

"தளம் இல்லாம வுட்டா மழ வந்து அப்பா பேரு போட்ட கல்லு நனையுங்களே?"

ராஜாக்கண்ணு துண்டை முடிந்து தோளில் ஏற்றிக்கொண்டார்.

"நனையட்டும். அவரு மழயில நின்னு நாத்து நட்டவருதான்."