இடம் மாறிய எல்லைக் கொடிகள்

கனடாவில் ஸ்ரௌவ்வில் ஊருக்கு வடக்கே, சோலார் பண்ணைக்குத் தூண் இறக்கும் மெஷினை ஓட்டுபவன் றெமிஜியஸ். திங்கட்கிழமை காலை சதுப்பு நிலத்தின் எல்லைக் கொடிகளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினான். ஆமைகள் முட்டையிட்ட மண்மேடு வெள்ளிக்கிழமை கொடிகளுக்கு அப்பால், தண்ணீர்ப் பக்கம் பத்திரமாக இருந்தது. இன்று கொடிகள் தண்ணீர்ப் பக்கம் தள்ளிப்போய், அது தூண் இறக்கும் பக்கத்தில் கிடந்தது.

“கொடியளை ஸ்டெபனிதான் மாத்தினவ,” என்றார் மேற்பார்வையாளர் கிறிஸ்துநாயகம், அவன் முகத்தைப் பார்க்காமலே. ஸ்டெபனி அங்கே ஆமைகளைக் கணக்கெடுக்கும் உயிரியலாளர்.

“முட்டையை வெளியிலை விட்டிட்டோ, அண்ணை?”

“நீ தூணை இறக்கு.”

றெமிஜியஸ் நடந்துபோய்ப் பார்த்தான். கொடி பிடுங்கிய குழிகளில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஸ்டெபனிக்குப் போன் அடித்தான்.

“நான் மாத்தேல்லை,” என்றாள் அவள். “கொடியளை இடிச்சு விழுத்தினது நீங்கள் எண்டு கிறிஸ்துநாயகம் அங்கிள் காலமை சொன்னவர்.”

“வந்து குழியளைப் பாருங்கோ,” என்றான் றெமிஜியஸ். “இடிச்சு விழுத்தினதில்லை, ஆரோ கையாலை பிடுங்கி மாத்தி நட்டிருக்கினம். அதுவரைக்கும் ஒரு தூணும் இறக்கமாட்டன்.”

மத்தியானம் அவள் வந்து அளந்து, பழைய குழிகளிலேயே கொடிகளை நட்டாள். முட்டைகள் தப்பின. இன்னொரு பழி தன் தலையில் விழக்கூடாதென்று, அன்றிலிருந்து றெமிஜியஸ் மெஷின் சாவியைக் கிறிஸ்துநாயகம் உட்பட யாரிடமும் கொடுப்பதில்லை.