ஒருநாளும் புகழாத குதிரை

என் வீட்டுக்காரர் மெடெருக்குக் குடி கிடையாது, சூது கிடையாது. ஞானஸ்நானம் எடுத்தபிறகு பொய்கூடச் சொல்வதில்லை. ஆனால் எசென்கானின் குதிரைமேல் கண் விழுந்த நாளிலிருந்து மனுஷனுக்கு நிம்மதி போய்விட்டது.

எசென்கான் எங்கள் சபைக்காரர், மெடெருக்கு உயிர்ச் சினேகிதர். நாரின் ஆற்றோரத்து இந்த மலை ஊரில் இயேசுவை நம்புகிறவர்கள் மொத்தமும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அடங்கிவிடுவோம். தாய் செத்த குதிரைக்குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் எசென்கான். அது செம்பழுப்பு நிறத்தில், பார்த்தவர்கள் நின்று பார்க்கிற அழகோடு வளர்ந்துவிட்டது. ஞாயிறுதோறும் அதில் ஏறித்தான் ஜெபத்துக்கு வருவார். எங்கள் வாசலிலேயே கட்டுவார். எங்கள் கெட்ட நேரம்.

நெருங்கிய நண்பன் ஒரு பொருளை மனதாரப் புகழ்ந்துவிட்டால் அதை அவனுக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுக்காதவனை ஊர் காறித் துப்பும். மெடெர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குதிரை எங்களுடையது. அதனாலேயே அவர் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அது திருட்டு என்று நினைத்தார். எசென்கான் வந்திறங்கினால் இவர் வாசல்பக்கமே போகமாட்டார். போக நேர்ந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நான்கூடக் கிண்டலடித்தேன். "அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாதேங்கிற பத்தாவது கட்டளையில மாடும் கழுதையும்தானே இருக்கு? குதிரைய விட்டுட்டாங்கபோல."

"அடுத்தவனுக்குள்ளது எதுவும் கூடாதுன்னு கடைசியில இருக்குடி. அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன்" என்றார். சிரிக்கவில்லை.

உபவாசம் இருந்தார். எதன்மேல் என்று சொல்லாமல், ஒரு ஆசை தன்னைப் பிடித்து ஆட்டுகிறது, ஜெபியுங்கள் என்று சபையில் முழங்கால் போட்டார். எசென்கானே அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆசை மட்டும் இம்மியும் அசையவில்லை.

பனி விழத் தொடங்கியதும் எசென்கான் நெஞ்சுச்சளியில் படுத்தார். கிறிஸ்துமஸைப் பார்க்கவில்லை. அவருடைய அண்ணன் தம்பிகள் எங்கள் விசுவாசத்தில் இல்லாதவர்கள். தங்கள் முறைப்படி எல்லாம் நடந்தால்தான் ஊர் இடுகாட்டில் இடம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் தலையாட்டினோம், வேறென்ன செய்வது? எங்கள் பக்கத்தில் சாவு விருந்துக்குக் குதிரை அறுத்துக் கறி பரிமாறியாக வேண்டும். கொட்டிலில் இருந்தது அந்த ஒன்றுதான்.

அன்றைக்கு மெடெர் மற்ற ஆண்களோடு உடலைக் கிடத்தியிருந்த கூடாரத்துக்கு வெளியே வழக்கப்படி கோலை ஊன்றி நின்று ஓலமிட்டார். எங்கள் ஆண்கள் சாவுக்கு வாய்விட்டு அழுகிறவர்கள்தான். இருந்தாலும் இவர் அழுததைப் பார்த்து, கூடப்பிறந்த நாங்களே இப்படி அழவில்லையே என்று அண்ணன்காரர் மெச்சிக்கொண்டார்.

விருந்து முடிந்ததும் எசென்கானின் மனைவி புருல் எங்களைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"குதிரைய உங்களுக்குத்தான் குடுக்கணும்னு இருந்தாரு அண்ணே. புடிக்காதவங்க கையில திணிக்கக்கூடாதுன்னு, உங்க வாயால ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்துக்கிட்டே இருந்தாரு. 'நான் புள்ளமாதிரி வளத்தத மெடெர் திரும்பிக்கூடப் பாக்கலயே'ன்னு கடைசிவரைக்கும் அவருக்குக் குறை."

வழியெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். இத்தனை உபவாசமும் இருந்து, சினேகிதன் மனதை நோகடித்ததுதான் மிச்சமா?

வீட்டுக்கு வந்ததும் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று, நண்பருக்காக அப்படி அழுதீர்களே, கர்த்தர் அதையாவது பார்த்திருப்பார் என்றேன்.

அவர் காலணியைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தார்.

"அவனுக்காக ஒரு சொட்டுகூட அழலடி. என் குதிரைய அறுத்துட்டாங்களேன்னுதான் அழுதேன்."