நொடிக்கு ஏழு துடிப்பு

ஹார்லனின் பிக்கப் வண்டியில், சீட்டுக்குப் பின்னால், ஒரு கடுகு நிற வெயிஸ்ட்கோட் ஆறு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது கேரியுடையது, எங்கள் ஊர்ப் பாட்டுக் குழுவின் சீருடை. கேரிக்கு முழங்கால் வலி. விஸ்கான்சின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியோடு அரிசோனாவுக்குப் போய்விட்டான். போவதற்கு முன் வெயிஸ்ட்கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஹார்லனிடம் கொடுத்தான். நாலு பேர் பாடும் குழுவில் மூன்று பேர் மிச்சம்.

அந்த வெயிஸ்ட்கோட் எனக்கு வேண்டும். இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இந்தக் கதையில் இல்லை.

நான் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன். மெய்ன் மாநிலத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. என் வேலை எப்படியென்றால், கதவைத் திறப்பார்கள், பியானோவைக் காட்டுவார்கள், உடனே அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரே கம்பியை ஒருத்தன் நாற்பது தடவை தட்டுவதை யார் கேட்டுக்கொண்டிருப்பது? வேலை முடிந்ததும் ஒரு கவரைக் கொடுத்து, "தேங்க்ஸ், மிஸ்டர்..." என்று இழுப்பார்கள். நான் "வெண்டல்" என்பேன். அடுத்த வருஷமும் அதேதான்.

பிப்ரவரி கடைசியில் லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில் பியானோவைச் சரி பார்த்துக்கொண்டிருந்தபோது, தட்டுகிற சுரத்தையே வாயாலும் முனகிக்கொண்டிருந்தேன். நாற்காலி அடுக்க வந்த ஹார்லன் நின்று கேட்டார். டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவர், குழுவில் ராகத்தைப் பாடுகிற லீட் குரல்.

"நீ பாடுவியா?"

"குளிக்கறப்போ."

"இங்க எல்லாரும் அப்படித்தான்ப்பா ஆரம்பிச்சோம்" என்றார். "பக்கத்து ஊர்ல ஒரு பல் டாக்டரும் கேரி இடத்துக்குக் கேட்டுக்கிட்டு இருக்காரு. உனக்கு மூணு செவ்வாக்கிழமை தர்றேன். மூணாவது செவ்வா ஏழரைக்கு அவர வரச் சொல்லிருக்கேன். அதுக்குள்ள மணி அடிச்சா கோட்டு உனக்கு. இல்லன்னா அவருக்கு. அந்தச் சனிக்கிழமையே ஷோ இருக்கு, எனக்கு வேற வழியில்ல."

மணி என்று அவர் சொன்னது வேறு. இவர்கள் பாடும் பார்பர்ஷாப் என்கிற பாட்டு வகையில் வாத்தியம் கிடையாது, நாலு குரல்தான். நாலும் சரியாகப் பொருந்தி ஒரு கார்டில், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டில், நின்றால், தலைக்கு மேலே ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும். யாரும் பாடாத குரல். அதைத்தான் மணி அடிக்கிறது என்பார்கள். இவர்கள் பாடுவது அதற்காகத்தான். கைதட்டல் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி.

முதல் செவ்வாய் அதே அடித்தளத்தில் என் கையில் ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரு ஸ்ட்ராவையும் கொடுத்தாள் டொரீன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். எல்லோருக்கும் மேலே நின்று பாடும் டெனர் குரல் அவளுடையது.

"ஊதிக்கிட்டே பாடு. தண்ணி ஒரே சீரா கொப்புளிக்கணும்."

ஊதினேன். பாதித் தண்ணீர் என் சட்டையில்.

"மூச்ச நெஞ்சுலயே வச்சுக்கிட்டு இருக்க" என்றாள். "அத விலாவுக்கு எறக்கு. முப்பத்தாறு பிள்ளைங்கள சத்தம் போட்டு உக்கார வைக்கறப்போ நான் எங்கேருந்து மூச்சு எடுக்கறேன்னு நினைக்கற?"

"டொரீன் சத்தம் போட்டா நாங்களும் உக்காந்துருவோம்" என்றான் எமில். சீஸ் ஃபாக்டரியில் வேலை. ஈர்க்குச்சி மாதிரி இருப்பான். அந்த உடம்பிலிருந்து எப்படி அவ்வளவு கீழ்க்குரல் வருகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எனக்குக் கொடுத்தது பாரிடோன். லீட் ராகத்தைப் பாடும், டெனர் மேலே போகும், பேஸ் கீழே அஸ்திவாரம் போடும். மூன்று பேரும் எடுத்தது போக மிஞ்சின சுரம் எதுவோ அது பாரிடோனுக்கு. ஒரு நேரம் லீடுக்கு மேலே, ஒரு நேரம் கீழே. தனியாகப் பாடிக் காட்டினால் யாரும் அதைப் பாட்டு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஃபோனில் சுருதி காட்டும் செயலியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். முள் நடுவை விட்டு அசையவில்லை. காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பாட்டின் முடிவுக்கு முன்னால் ஒரு கார்ட் வரும். அதை நீட்டிப் பிடித்து நிற்க வேண்டும். எமிலுக்கு அடிச்சுரம், எனக்கு மூன்றாவது, ஹார்லனுக்கு ஐந்தாவது, டொரீனுக்கு ஏழாவது. இரண்டாவது செவ்வாய் அதில் இருபது தடவை நின்றோம். வாயைத் திறக்கும் அளவுகூட ஒன்றாக வைத்துப் பார்த்தோம், நாலு பேரும் ஒரே "ஆ". மணி அடிக்கவில்லை.

"எங்கயோ இடிக்குது" என்றார் ஹார்லன்.

நான் ஃபோனை எடுத்தேன். "ஒவ்வொருத்தரா பாடுங்க. பாத்துரலாம்."

எமில் சரி. ஹார்லன் கிட்டத்தட்டச் சரி. டொரீன் பாடியபோது முள் இடது பக்கம் நன்றாகச் சாய்ந்தது.

"டொரீன், நீதான். கீழ நிக்கற. நல்லாவே கீழ."

அவள் முகம் சுருங்கியது. "நான் இந்த கார்ட பதினெட்டு வருஷமா பாடறேன், வெண்டல்."

"நான் சொல்லல. முள்ளு சொல்லுது."

"அவன் தொழிலே இதுதானே" என்றார் ஹார்லன் மெதுவாக.

டொரீன் சுரத்தை ஏற்றினாள். முள் நடுவுக்கு வந்தது. கார்ட் முன்பைவிட மோசமாக, தகர டப்பா மாதிரி கேட்டது. இன்னும் ஐந்து தடவை பாடினோம். பிறகு அவள் டம்ளரையும் ஸ்ட்ராவையும் பையில் போட்டுக்கொண்டு, காலை ஐந்தரைக்கு பஸ் எடுக்க வேண்டும் என்று கிளம்பினாள். எலுமிச்சை கேக் கொண்டு வந்திருந்தாள், யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பண்ணை வீட்டில் பழைய பியானோ. அந்த வீட்டம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். எப்போதும் போல நடு எஃப்பையும் ஏவையும் சேர்த்துத் தட்டினேன். அடிச்சுரமும் மூன்றாம் சுரமும். இரண்டும் சேர்ந்தால் ஒலி நடுங்கும். அந்த நடுக்கம் நொடிக்கு ஏழு துடிப்பு இருக்க வேண்டும், அப்போதுதான் பியானோ எல்லா ராகத்துக்கும் பொதுவாக நிற்கும். முப்பது வருஷமாக இந்த ஏழை எண்ணித்தான் சாப்பிடுகிறேன். கம்பி கொஞ்சம் தளர்ந்து துடிப்பு நின்றுபோனால் அது தப்பு. உடனே மேலே இழுத்துவிடுவேன்.

அன்றைக்குக் கை நழுவி, கம்பி கீழே இறங்கி, துடிப்பு நின்றது. அடுத்த அறையில் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது ஒலி. இழுக்கப் போன கையை அப்படியே நிறுத்தினேன்.

எஃப், ஏ. எமிலின் சுரம், என் சுரம்.

குழுவில் நான் பாடிக்கொண்டிருந்தது அந்த ஏழு துடிப்பை. நாலு குரலும் பொருந்தி, நடுக்கம் நிற்கப் போகிற இடத்தில் என் தொண்டை தானாக ஒரு மயிரிழை மேலே ஏறிவிடுகிறது, அதுதான் சரி என்று. முள்ளின் கணக்கு பியானோ கணக்கு, டொரீனின் சுரத்துக்குப் பாட்டில் வேறு இடம். முள்ளுக்கு அவள் கீழே. காதுக்கு அவள் இருந்த இடம்தான் இடம். ஒழுங்காகப் பாடிய ஒரே ஆளை நான் திருத்தியிருக்கிறேன்.

தப்பு தெரிந்துவிட்டது. ஆனால் தொண்டைக்கு அது தெரியாதே. கண்ணை மூடினால் மறுபடி ஏழு.

மூன்றாவது செவ்வாய் நாலு மணிக்கே சர்ச்சுக்குப் போய், யாரும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். சர்ச் பியானோவில் நடு ஏவைக் கொஞ்சமும், அதற்கு மேலே டொரீனின் சுரமான இ-ஃப்ளாட்டை நிறையவும் இறக்கினேன். இப்போது அந்த ஒரு கார்ட் மட்டும் அசையாமல் நின்றது. அதைத் தட்டித் தட்டி, கூடவே பாடினேன். தொண்டை ஏறும், இறக்குவேன், ஏறும், இறக்குவேன். ஐந்தரை மணி சுமாருக்கு ஒரு தடவை ஏறாமல் நின்றது. பிறகு இன்னொரு தடவை. ஆறரைக்குப் பழையபடி மாற்றிவிடுவது என்று நினைத்திருந்தேன். நேரம் பார்க்கவில்லை.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டபோது ஏழு அடிக்க ஐந்து நிமிஷம்.

ஹார்லன் வந்ததும் வராததுமாக நின்றபடியே பியானோவில் வேறு ஏதோ ஒரு கார்டைத் தட்டினார். பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன ஆச்சு? பிப்ரவரியிலதானே நீயே சரி பண்ண?"

ஈரம் என்று சொல்லியிருக்கலாம். அடித்தளம், மார்ச் மாசம், எல்லோரும் நம்பியிருப்பார்கள். டொரீன் கோட்டைக் கழற்றாமல் வாசல் பக்கமே நின்றாள்.

"நான்தான் கெடுத்தேன்" என்றேன். "இன்னைக்குத்தான்."

"சுருதி சேக்கறவனே கெடுத்தா அப்புறம் யார கூப்பிடறது?" என்றான் எமில்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு துடிப்பு, முள், பண்ணை வீடு. கடைசியில், "போன வாரம் டொரீன் சரியாத்தான் பாடினா. நான்தான் தப்பு. முள்ளும் தப்பு" என்றேன்.

டொரீன் நேராகப் பியானோவுக்கு வந்தாள். "அந்த கார்ட் எது? கை வச்சுக் காட்டு."

காட்டினேன். தட்டினாள். இரண்டாம் தடவை தட்டிவிட்டு, ஒலி முழுசாக அடங்கும்வரை குனிந்து கேட்டாள்.

"இதான்" என்றாள். "இங்கதான் நான் இருந்தேன். ஒரு வாரமா பஸ்ஸுல வாயே தெறக்கல, தெரியுமா? பிள்ளைங்க எனக்கு உடம்பு சரியில்லன்னு நினைச்சு வாழ்த்து அட்டை வரைஞ்சு குடுத்துச்சுங்க."

"மன்னிச்சிரு."

"மன்னிக்கறது அப்புறம். முதல்ல பாடு. நான் எறங்கி நிப்பேன், நீயும் எறங்கி வா. ஃபோன எமில்கிட்ட குடு."

எமில் என் ஃபோனை வாங்கி மேல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஹார்லன் ஊதுகுழலில் சுரம் கொடுத்தார். பாட்டின் கடைசி நாலு வரி மட்டும். தோள் தோளோடு இடிக்க வட்டமாக நின்றோம்.

கார்ட் வந்தது. எமில் தரையில் ஊன்றினான். என் தொண்டை மேலே ஏறப் பார்த்தது. டொரீன் என் கண்ணைப் பார்த்தபடியே உள்ளங்கையைக் கீழ் நோக்கி அமுக்கினாள், பஸ்ஸில் பிள்ளைகளை உட்கார வைக்கிற மாதிரி. இறங்கினேன். நடுக்கம் மெதுவாகி, மெதுவாகி, நின்றது.

அப்போது வந்தது அது. உச்சந்தலைக்கு மேலே, மெல்லிசாக, எங்கள் நாலு பேரில் யாருடையதும் இல்லாத ஒரு குரல். அலமாரியில் அடுக்கியிருந்த காபிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஹார்லன் மூச்சு தீர்ந்து முகம் சிவக்கும்வரை விடவில்லை.

முடித்தபோது படிக்கட்டில் ஒருத்தர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பல் டாக்டர். ஏழரை ஆகியிருந்தது.

"நாலு பேருன்னுதானே சொன்னீங்க" என்றார். "மேல பாடினாங்களே, அவங்க எங்க?"

"அவங்க நெனச்சா வருவாங்க" என்றாள் டொரீன். "ஆறு வாரமா வரல."

ஹார்லன் தலையைச் சொறிந்தார். "டாக்டர், உங்கள இவ்வளவு தூரம் வரவச்சுட்டேன்."

"அட, இத கேக்கவே வரலாம்." டாக்டர் எங்களைத் தாண்டி வந்து, பியானோவைப் பார்த்ததும் ஆசையாக ஒரு கார்டைத் தட்டினார். பூனை மறுபடி கத்தியது. "கடவுளே. இது யாரு கைவரிசை?"

மூன்று பேரும் என்னைக் காட்டினார்கள்.

"எங்க வீட்லயும் ஒரு பியானோ இருக்கு" என்றார் டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து. "நீங்க பாடுங்க, போதும்."

ஹார்லன் வெளியே போய் வந்தார். கடுகு நிற வெயிஸ்ட்கோட்டை பியானோவின் ஓரத்தில் மாட்டினார். "கேரி தாட்டியான ஆளு. இடுப்புல ரெண்டு இஞ்சு பிடிக்கணும். சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்துரு, கறுப்பு பேண்ட்டு."

"டொரீன் தைப்பாளா?"

"எனக்குத் தைக்க வராது" என்றாள் டொரீன். "எமிலுக்கு வரும்."

"கைய தூக்கு" என்றான் எமில், அளவு எடுக்க.

ஞாயிறு ஆராதனைக்குப் பியானோ வேண்டும், அதனால் அதைப் பழையபடி மாற்றாமல் நான் கிளம்ப முடியாது. வழக்கமாக இந்த நேரத்தில் எல்லோரும் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். இவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். டாக்டரும் உட்கார்ந்தார். டொரீன் இந்த வாரம் செய்த எலுமிச்சை கேக்கைப் பையிலிருந்து எடுத்து, தட்டில் போட்டுப் பியானோ மேல் வைத்தாள்.

நான் ஏ கம்பியை மேலே இழுத்தேன். நடுக்கம் ஆரம்பித்தது. மூன்று, ஐந்து, ஏழு.

"அய்யோ, பாவம் நம்ம கார்ட்" என்றாள் டொரீன், வாய் நிறைய கேக்கோடு.

"வெண்டல், அந்தத் தட்டை இந்தப் பக்கம் தள்ளு" என்றார் ஹார்லன்.