தலையில் துளை விழுந்த ராஜா

கிட்ட வாங்க செல்லங்களா, தேத்தண்ணி ஆறட்டும். ஒரு குட்டி வெள்ளிக்காசு ஒரு மனுசனைப் படுத்திய பாட்டைச் சொல்றேன்.

நம்ம ஹைதர் பழங்காசு சேர்க்கிறவன். ரோம ராஜ்யத்தின் கடைசிக் காலத்துக் காசு ஒன்று வைத்திருந்தான். வெள்ளிக்கு ஆசைப்பட்ட திருடன் எவனோ அந்தக் காலத்திலேயே ஓரத்தைச் சுற்றிக் கத்தரித்திருந்தான். நடுவிலிருந்த ராஜா தலையை மட்டும் தொடவில்லை. ஜார்ஜ் டவுனில் நடக்கும் காசுக் கண்காட்சியில் அதை வைக்க வேண்டும், அதுதான் ஹைதருக்கு உயிர்.

மகள் நஜ்வாவுக்கு, பிறந்த ஏழாம் நாள் முடி இறக்கினார்கள். அந்த முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்யணுமில்லையா? ஹைதர் பிரியாணிச் சட்டி தூக்கப் போகிற அவசரத்தில், "இழுப்பறையில வெள்ளி இருக்கு, நிறுத்துக் குடு லா" என்று பெண்டாட்டி சலேஹாவிடம் சொல்லிவிட்டு ஓடினான்.

மறுநாள் இழுப்பறையைத் திறந்தான். தர்மத்துக்கென்று புதிதாக வாங்கிய வெள்ளித்தகடு பளபளவென்று கிடந்தது. ராஜாவைக் காணோம்.

"சலேஹா! எதைக் குடுத்தே?"

"கறுத்துப்போன காசை, மச்சான். முடி எடைக்குச் சரியா இருந்துச்சு. தகடு உங்க கண்காட்சிக்குன்னு நெனச்சேன்."

"தகட்டை எவன்டி கண்காட்சியில வைப்பான்!"

"ஓரமெல்லாம் வெட்டுப்பட்டதை மட்டும் வைப்பாங்களாக்கும்?"

காசு போனது, பிள்ளையைக் குளிப்பாட்ட வருகிற ஹாஜரா மாமியிடம். மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு ஜெலுத்தோங் பக்கமிருக்கும் அவள் ஃபிளாட்டுக்குப் போய் நின்றான் ஹைதர். தர்மம் கொடுத்ததை எந்த வாயால் திருப்பிக் கேட்பது? "மாமி, அந்தக் காசை ஒருதடவை பார்க்கலாமா?" என்றான்.

"பார்க்கிறதென்ன தம்பி, எடுத்துக்கிட்டே போ. நீங்க எனக்குத் தந்தது தர்மம். நான் நஜ்வாவுக்குத் தர்றது அன்பளிப்பு. அழுக்கா இருந்துச்சு, புளி போட்டுத் தேய்ச்சேன். சங்கிலியில கோர்க்க பத்தர்கிட்ட துளையும் போட்டாச்சு."

துளை எங்கே? ராஜா நெற்றியில்.

"மாமி! ஆயிரத்து அறுநூறு வருசமா திருடன்கூட அந்தத் தலையில கை வைக்கலையே!"

"அவன் வீட்டுல பிள்ளை இல்ல போல" என்றாள் அவள்.

கண்காட்சியில் ஹைதரின் கண்ணாடிப்பெட்டி காலி. பக்கத்து நாற்காலியில், எச்சில்பட்ட காசு கழுத்தில் தொங்கும் நஜ்வாவை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம், "ராஜா இங்க இருக்கார். தொடாதீங்க, எச்சில்" என்று சலித்துக்கொண்டே இருந்தான். யாருக்கும் காட்டாமல் மட்டும் விடவில்லை.

உங்க வீட்டை விட்டுத் தவறிப்போனதெல்லாம் யாரோ ஒருவரின் அன்போடு திரும்பி வரட்டும், கண்ணுங்களா. துளை விழாமல் வரட்டும்.